பெடல் மேல் வைத்த கல்

சேகருக்கு, அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. "நலம். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து மஸ்கட்டுக்கு விமானம். நைனாவிடம் சொல்லிவிடவும்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். மீதி இடத்தில் பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு வெள்ளையாகக் கிடக்கிறது. நான் அப்படி விடப்போவதில்லை. கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் பனிக்குள் நிற்கிற மாதிரி தெரிகிறது, வரி கோணினால் பொறுத்துக்கொள். வாசல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியான வெயிலில் தெருவே தூங்குகிறது. எதிர் வீட்டு ஆடு மட்டும் என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

நீ சொல்லச் சொன்னதை உன் நைனாவிடம் சொன்னேன். அவர் நம் கல்யாணக் கார் ஊதுவண்டியின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்டியா" என்றார். துடைத்து முடித்த பிளக்கையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "அந்த ஊர்ல தண்ணியெல்லாம் உப்பா கீதாமே. ரேடியேட்டருக்கு ஆவாதே" என்றார். மகன் கடல் தாண்டிப் போகிறான் என்று சொன்னால் ரேடியேட்டரைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை நீ வேறெங்கும் பார்க்க முடியாது. அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. வயிறு சரியில்லையாம். எது சரியில்லை என்று எனக்குத் தெரியாதா?

பங்குனியில் வீட்டை விட்டுப் போனவன் நீ. இப்போது ஆவணி. எனக்கு எழுதுகிறாய், அவருக்கு ஒரு வரி இல்லை. அவரும் உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் தபால்காரர் மணி அடித்தால் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய் நிற்கிறார். நீ அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இனி என்னை என் போக்கில் விடு.

ஊதுவண்டி நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கி ஓட்டிய திறந்த கார். அவர் போன பிறகு பிள்ளைகள் அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். டிரைவராக இருந்த உன் நைனா கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கும் பெண் அழைப்புக்கும் இந்த வண்டிதான். எஞ்சின் பக்கத்தில் ஆட்டுக்கல் குழவி அளவுக்கு ஒரு இரும்புக் கூடு. அது காற்றை இழுத்து இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர் என்று நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து சொன்னாய். ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே ஊதி என்று பெயர் வைத்தாகிவிட்டது. அதன் ஊய்ங் சத்தம் கேட்டாலே திருப்புலிவனத்துப் பெண்கள் ஆரத்தி கரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காற்றுதான் வண்டிக்குப் பலம். அதே காற்று கொஞ்சம் தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்டால் வண்டிக்கு எமன். தண்ணீர் சுற்றாது, எஞ்சின் கொதித்துவிடும். ஊதி இருப்பதால் மற்ற வண்டிகளைவிட இதற்குச் சூடும் அதிகம். அதனால் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்றைப் பொட்டு மிச்சமில்லாமல் வெளியேற்ற வேண்டும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்டதே இல்லை.

கல்யாணமாகி வந்த புதிது. நான் காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பெண். தறிச் சத்தமும் அதற்கு மேல் கத்திப் பேசுகிற சனமுமாக வளர்ந்தவள். இங்கே வந்தால் ஒரு மனிதர் காலையில் "ம்" என்கிறார், சாயங்காலம் "ம்" என்கிறார். ஒரு ஊமையைக் கட்டி வைத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகையாக வந்தது. ஒரு நாள் விடிந்தும் விடியாமல், "ஏரிக்கரைக்கு வர்றியாம்மே? ஒரு ஆள் வோணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கே போனால், உள்ளே இருக்கும் காற்று மேலேறி வர, கரை ஏற்றத்தில் வண்டியை மூக்குத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, என் கையில் ஒரு செம்பைத் திணித்தார். "நீ இங்க நில்லு. ரேடியேட்டர் வாயில தண்ணி கொறஞ்சா ஊத்து. குமிழி வர்தான்னு பாரு. நான் உள்ள ஒக்காந்து ஆக்ஸிலேட்டர் குடுக்கறேன்" என்றார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய பெண் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தக் காலை ஏன் இப்படி மனதில் தங்கிவிட்டது என்று தெரியவில்லை. ஏரி நிரம்பிக் கிடந்தது. தண்ணீர் மேல் பனி படுத்திருந்தது. எது கரை, எது தண்ணீர் என்று சொல்ல முடியாது. வண்டி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் உள்ளங்கை அளவு வானம் தெரிந்தது. அதற்குள்ளிருந்து முதலில் பெரிய குமிழிகள் களக் களக்கென்று ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தன. தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கும், நான் ஊற்றுவேன். பிறகு சின்னச் சின்னதாக, கடுகு கடுகாக வந்தன. உட்கார்ந்திருப்பவருக்கு வாய்க்குள் தெரியாது, நிற்பவளுக்குப் பெடல் எட்டாது. அதனால் அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "வர்தா?" "வந்துகினே கீது." "இப்போ?" "சின்னதா வர்து." "இப்போ?" என்னோடு அத்தனை வார்த்தை அவர் பேசியது அதுதான் முதல் தடவை. வெயில் ஏறியது. பனிக்குள்ளிருந்து எதிர்க்கரைப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குமிழி நின்று தண்ணீர் சும்மா நடுங்கிக்கொண்டு மட்டும் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. இன்னும் வர்து, இன்னும் வர்து என்று பொய் சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று ஒரு ஆசை. நீ பிறந்து வளர்ந்த பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "நின்னு பூட்ச்சின்னு சத்தத்துலயே தெரிஞ்சிச்சி. நீ வர்துன்ன, நானும் கேட்டுக்கினு இருந்தேன்."

காரை வைத்துக்கொண்டு அம்மா புத்தி சொல்லக் கிளம்பிவிட்டாள் என்று சிரிக்கிறாய். சிரி. நாளைக்கு உனக்கும் ஒரு பெண் பார்ப்போம். அவள் வாயைத் திறக்கவில்லை என்றால் அழுத்தக்காரி என்று முடிவு கட்டிவிடாதே. எந்த வேலைக்குப் பக்கத்தில் நின்றால் அவளுக்குப் பேச்சு வருகிறது என்று பார். சில பேருக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. நடுவில் ஒரு எஞ்சினாவது இருந்தால்தான் வரும்.

இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லை, நீ அப்போது கைக்குழந்தை. தாமலில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பேசியிருந்தார்கள். சாப்பாடும் சேர்த்துச் சொல்லியிருந்ததால் நாம் மூன்று பேருமே போனோம். தாமல் ஏரி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை அங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பாரே. "சீக்கிரம் தொறந்து தண்ணிய ஊத்துங்களேன்" என்று கத்தினேன். "சூட்டுல தொறந்தா மூஞ்சில அடிக்கும்மே. ஆறட்டும்" என்றார். நீ வெயிலில் வீறிட்டு அழுதாய். என் கையிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டு போய், ஏரிக்கரை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, உன்னை மார் மேல் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நீயும் தூங்கிவிட்டாய், அவரும் தூங்கிவிட்டார். தேடிக்கொண்டு சைக்கிளில் வந்த பெண் வீட்டுக்காரர், "இன்னா பேஜாரா பூட்ச்சே, இங்க வந்து தூங்கிக்கினு கீறாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏரி கடல் மாதிரி விரிந்து கிடந்தது. காற்று அங்கிருந்து ஈரமாக வந்தது. வண்டியிலிருந்து ஆவி மெல்ல மெல்ல மெலிந்துகொண்டிருந்தது. அவர் மூச்சு விட்டால் நீ மேலே போவாய், இழுத்தால் கீழே, இல்லை, மாற்றிச் சொல்கிறேன் போலிருக்கிறது. எப்படியோ, நீ ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த மத்தியானம் முடியவே வேண்டாம் என்றிருந்தது. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். உன் நைனா ஆறப் பொறுத்தவர்.

அப்படிப்பட்டவர் உன்னிடம் அன்றைக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது.

பங்குனியில் அந்தப் பெண் அழைப்பு. பெண்ணைப் பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரத்துக்கு அழைத்து வர வேண்டும். பெண்ணின் தாய்மாமன் காஞ்சிபுரத்திலிருந்து கூடை கூடையாகச் சாமந்தி கொண்டுவந்து இறக்கிவிட்டார். "வண்டி மொகமே தெரியக் கூடாது, பூ தான் தெரியணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ரேடியேட்டருக்கு முன்னால் பூவைப் படுதா மாதிரி தொங்கவிட்டுக் கட்டியது உன் நைனாவின் கைதான். "நைனா, காத்து பூற வழியே இல்லியே" என்று நீ சொன்னதை நானும் கேட்டேன். "நடக்கற வேகத்துக்கு இன்னாடா காத்து? கட்டு" என்றார். அது அவர் தப்பு. உன் பேரிலும் ஒன்று உண்டு. அன்று காலை தண்ணீர் மாற்றியவன் நீ. பூக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று, வண்டியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் மூக்குத் தூக்கி நிறுத்தாமல், வாசலிலேயே ஊற்றி, காற்றை வெளியேற்றாமல் மூடிவிட்டாய்.

மேளக்காரர்கள் நின்று நின்று வாசித்தார்கள். நீ ஓட்டிய வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. இரண்டு பக்கமும் விளக்குத் தூக்கிகள். நான் சீர்த்தட்டு ஏந்திய பெண்களோடு வண்டிக்குப் பக்கவாட்டில் நடந்தேன். திடீரென்று ஒரு வாசனை, வெந்த சாமந்தி வாசனை. பார்த்தால், பூவுக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி விளக்கு வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தைச் சுற்றி நின்றது. சனங்களுக்கு ஒரே சந்தோஷம். "இன்னாமா சாம்பிராணி போட்டுக்கீறாங்க பாரு!" என்று என் பக்கத்தில் வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குமே ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றியது. மேகத்துக்குள் பெண், பூவுக்குள் வண்டி, நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி. பிறகுதான் எஞ்சின் சத்தத்தில் தாளம் தப்புவது காதில் விழுந்தது. தறி வீட்டுக் காது அது, ஏமாறாது.

அதற்குள் நீ வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து, பூவை விலக்கி, ரேடியேட்டர் மூடி மேல் கையை வைத்துவிட்டாய். உன் நைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அடித்தார். முதல் அடி உன் கைமேல். அது அடி இல்லை, தள்ளினது. மூடியைத் திருகியிருந்தால் உன் முகம் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவது கன்னத்தில். அது கோபம். ஊர் பார்க்க, மீசை வைத்த மகனை அடித்தது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மேளம் நின்றுவிட்டது. அந்தப் பெண்தான் நிலைமையைக் காப்பாற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, "சத்திரம் இதோ தானே கீது, நட்ந்தே போலாம் வாங்க" என்று சிரித்தாள். நீ யாரையும் பார்க்காமல் எதிர்ப் பக்கம் நடந்தாய். மறுநாள் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டாய்.

அன்று ராத்திரி நம் வீட்டில், வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் நீ, சூடு காட்டும் முள்ளைப் பார்க்கவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். பார்த்தேன், முள் குளிர்ச்சியிலேயே நின்றது என்று சொன்னாய். யாரும் நம்பவில்லை. உன் நைனா நம்பினார். எல்லாரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அவன் பொய் சொல்லலம்மே. முள்ளோட மூக்குல தண்ணி இல்ல, காத்து நின்னுக்கினு இருந்துது. காத்துக்கு சூடு தெரியாது." உன் கடிதத்தில் "நலம்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அந்த முள் ஞாபகம்தான் வந்தது. நீ நலமில்லை, சேகர். பெற்றவளுக்குத் தெரியும்.

அவரும் நலமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். பங்குனிக்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வண்டி முகப்பில் ஒரு முழம் பூக்கூடக் கட்ட விடுவதில்லை. போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "கட்டக் கூடாதுய்யா. காத்து பூறணும்னு எம் பையன் சொல்லிக்கீறான்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். ஊர் பார்க்க அடித்தவர் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். நீ மட்டும்தான் கேட்கவில்லை.

நீ பெரியவனானதும் பெடலை மிதித்தது நீ, குமிழி பார்த்தது அவர். நீ போன பிறகு, பழையபடி நான்தான் அவரோடு ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கண் இப்படி ஆனதும் அதுவும் நின்றது. குமிழி நின்ற பிறகும் எனக்குக் குமிழியாகவே தெரிந்தது. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. அவர் செம்பை வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது தனியாகப் போகிறார். சக்கரத்துக்குக் கொடுக்கிற கல்லில் ஒன்றை எடுத்து ஆக்ஸிலேட்டர் பெடல் மேல் வைத்துவிட்டு, முன்னால் வந்து நின்று அவரே பார்க்கிறார், அவரே ஊற்றுகிறார்.

போன வாரம் காலை நாஷ்டாவைத் தூக்கில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பனியா, என் கண்ணா தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருந்தது. வண்டி முனகிக்கொண்டு நின்றது. அவர் ரேடியேட்டர் வாய்மேல் குனிந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் குடுறா" என்றார். யாரோ கூட இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஊற்றினார், பார்த்தார். "ம்... போதும்டா, வுடு" என்றார். சத்தம் இறங்கவில்லை. தலையைத் தூக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு போய்க் கல்லைத் தானே எடுத்தார். நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மஸ்கட்டில் உனக்கு நல்ல வண்டி கொடுப்பார்கள். முள் சரியாக இருக்கும், தண்ணீர் கொதிக்காது. சந்தோஷமாகப் போய் வா. ஆனால் திங்கட்கிழமை இங்கே ஒரு பெண் அழைப்பு இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் தண்ணீர் மாற்றுவார். நீ முதல் பஸ்ஸைப் பிடி. செருப்பை ஒளித்து வைத்தாவது அவரைக் கொஞ்சம் தாமதமாக அனுப்புகிறேன். வீட்டுக்கு வர வேண்டாம், நேரே ஏரிக்கரைக்குப் போ. மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவர் கேட்பார் என்றும் எதிர்பார்க்காதே. சூடு ஆறி மாதக்கணக்காகிறது, மூடி உன் முகத்தில் அடிக்காது. பெடல் மேல் இருக்கிற கல்லை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார். குமிழி நின்றுபோனது உனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அவர் இன்னும் வர்து, இன்னும் வர்து என்பார். நம்பின மாதிரி மிதித்துக்கொண்டே இரு.

உன் அம்மா